திரி வைத்தவன்

நல்லம்பள்ளிக்குத் தெற்கே இருந்த அந்தக் குவாரியில் விடிவதற்குள் சம்மட்டிச் சத்தம் தொடங்கிவிடும். ஒருவன் உளியைப் பிடித்துத் திருப்ப, இன்னொருவன் ஓங்கி அடிப்பான். பாறைத்தூள் கண்ணிலும் மூக்கிலும் கஞ்சிச் சட்டியிலும் விழும். மார்கழிக் குளிரில் உள்ளங்கைக் கொப்புளம் உடைந்தால் சம்மட்டிப் பிடி வழுக்கும். அதற்கும் மேஸ்திரி அல்போன்ஸிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

இந்த அல்போன்ஸ் யார் தெரியுமா? எங்கள் கூலிக்காகக் கொடி பிடித்துச் சேலம் ஜெயிலுக்குப் போனவர். வெடிக்குத் திரி வைத்தவனே முதலில் குழியில் இறங்க வேண்டும், மருந்து வைத்த எல்லாத் துளையும் வெடித்ததா என்று பார்த்துத் துண்டை வீசிய பிறகே மற்றவர்கள் இறங்க வேண்டும் என்ற வழக்கத்தைக் கொண்டுவந்தவரும் அவர்தான். அவர் உள்ளே கிடந்தபோது, டவுனிலிருந்த சங்கத் தலைவர் முதலாளியோடு கைகுலுக்கிவிட்டார். வெளியே வந்த மனிதருக்கு மனசு விட்டுப்போயிற்று.

"எல்லாவனும் விக்கிறான். நான் மட்டும் இளிச்சவாயனா?" என்றார். மேஸ்திரி ஆனார். முதலில் எங்கள் தண்ணீர்ப் பானையை எடுத்தார். பிறகு பிள்ளைத்தாச்சி கண்ணம்மாளை விரட்டினார். கடைசியில் தாம் கொண்டுவந்த வழக்கத்தையே மிதித்தார். சே, பாவி!

அன்று காலையும் திரி வைத்தது அவர்தான். இரண்டு துளைகள் வெடிக்கவில்லை. லாரி காத்து நின்றது.

"மாது, எறங்குடா."

"அண்ணா, ரெண்டு இன்னும் வெடிக்கலீங்க."

"லாரிக்கு உங்கப்பனா பதில் சொல்லுவான்? எறங்கு!"

மாது இறங்கினான். ஒரு துளை வெடித்தது. புகை விலகியபோது அவனுடைய துண்டு மட்டும்தான் அடையாளம் தெரிந்தது. அவன் மனைவி நஞ்சம்மாள் கல்கூடையைத் தலையில் சுமந்தபடியே நின்றாள். அதை இறக்கவும் அவளுக்குத் தோன்றவில்லை.

முதலாளி ஜீப்பில் வந்து எட்டிப் பார்த்தார்.

"போலீசு வந்தா, குடிச்சிட்டு எறங்கினான்னு சொல்லிடு, அல்போன்ஸ்."

நஞ்சம்மாளைப் பார்த்துக்கொண்டே அல்போன்ஸ் சொன்னார்: "ஆமாங்க. நல்லா குடிச்சிருந்தான்."

மாது கள்ளைத் தொட்டதே இல்லை.

"பொணத்தை அப்பறம் எடுக்கலாம். மொதல்ல கல்லை ஏத்து," என்றார் முதலாளி.

அல்போன்ஸ், நஞ்சம்மாளின் தம்பி அர்ச்சுனனைக் குழியில் இறங்கச் சொல்லிக் கைகாட்டினார். அர்ச்சுனன் சம்மட்டியைக் கீழே போட்டான். அடுத்து நின்ற காளியப்பனும் போட்டான். பெண்கள் கூடைகளைக் கவிழ்த்தார்கள்.

நஞ்சம்மாள் கூடையை இறக்கிவிட்டு அல்போன்ஸிடம் திரும்பினாள். "திரி வெச்சது யாருங்கண்ணா? நீங்க போட்ட வழக்கந்தானுங்களே."

முதலாளி சிரித்தார். "அதுவும் நியாயந்தான். அல்போன்ஸ், நீயே எறங்கு."

"மொதலாளி... இன்னொரு துளை இருக்குதுங்க."

"தெரியும். எறங்கு."

அல்போன்ஸின் கை சட்டைக்குள் சிலுவையைத் தேடியது. ஒரு காலைச் சரிவில் வைத்துவிட்டார். சாகட்டும் என்றுதான் எங்களில் பாதிப்பேர் நினைத்தோம், எதற்குப் பொய்?

நஞ்சம்மாள் குறுக்கே போய் நின்றாள். "யாரும் எறங்கக் கூடாது. இந்த ஆளுந்தான்."

"உன் புருசனைக் கொன்னவன்மா இவன்!" என்றார் முதலாளி.

"ஆமாங்க. இவன மேஸ்திரியாக்கிக் குழியக் குடுத்தது நீங்க. இவன் உசுரோட நிக்கணும். மாது குடிக்கலைன்னு போலீசு முன்னால இவன் வாயாலயே சொல்லணும்."

நாங்கள் சரிவை மறித்து உட்கார்ந்தோம். முதலாளி அடியாட்களைக் கூட்டிவர ஜீப்பை அனுப்பினார். அல்போன்ஸ் நடுவில் நின்றார், எந்தப் பக்கமும் நகராமல். சொல்வாரா மாட்டாரா, யார் கண்டது? அதற்குள் வெடிச்சத்தம் கேட்ட கண்ணம்மாள் கைப்பிள்ளையோடு ஓடிவந்து நஞ்சம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் ஊரே வந்துகொண்டிருந்தது.