ஒரு மீட்டர் மேலே

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது துணி துவைக்கும் அறையில். எங்கள் அடுக்ககத்தில் எல்லாருக்கும் சேர்த்து நிலவறையில் இரண்டே இயந்திரங்கள்; முறை போட்டுத்தான் துவைக்க வேண்டும். எனக்கு முந்தைய முறை குன்வோருடையது. படையில் சார்ஜென்ட். காலுறைகளை ஜோடி சேர்த்தபடியே சொன்னாள். நான் எழுதுகிறவன் என்று தெரிந்தும் சொன்னாள், பாவம்.

(நாட்டின் பெயர் ஸ்கெல்மார். வரைபடத்தில் தேடாதீர்கள், நான் வைத்த பெயர். பக்கத்து நாட்டுக்குப் பெயரே வைக்கவில்லை. எதற்கு வம்பு?)

2

பனி மூடிய வெளியில் தன்னந்தனியாக நின்றிருந்த குன்வோரின் விழிகளில் ஒரு —

சே, வேண்டாம். அவள் கண் எல்லாரையும் போன்ற கண்தான். டாங்கியிலிருந்து தொடங்குகிறேன்.

ஸ்கெல்மார் சொந்தமாக ஓர் ஏவுகணை செய்தது. பெயர் 'குளவி'. ஒரே ஆள் தோளில் தூக்கிப் போய், கிட்டத்தில் வரும் டாங்கியை அடிக்கலாம். யாருடைய டாங்கி? பக்கத்து நாட்டுடையதுதான், வேறு யார் வரப்போகிறார்கள்? ஆனால் சுட்டுப் பார்க்க ஸ்கெல்மாரிடம் ஒரு டாங்கிகூட இல்லை. அதனால் பக்கத்து நாட்டிடமே இரவல் கேட்டார்கள். அவர்களும் தாராள மனசோடு, ஓட்டுநரையும் சேர்த்தே அனுப்பிவைத்தார்கள்.

ஓட்டுநர் பெயர் ராய்மோ. வண்டியை நிறுத்தினான். வெடிமருந்து இல்லாத வெறும் ஏவுகணைதான்; ஆனாலும் இறங்கச் சொல்லலாமா என்று இவர்கள் தயங்கிக்கொண்டிருக்கும்போதே அவன் கேட்டுவிட்டான்.

"வெளிய ரொம்பக் குளுருதுங்க. நான் உள்ளயே உக்காந்துக்கட்டுமா?"

விருந்தாளி ஒன்று கேட்டு, முடியாது என்று சொல்கிற வழக்கம் இந்த ஊரில் கிடையாது. காப்பியும் ஏலக்காய் ரொட்டியும் உள்ளே நீட்டினார்கள். பிறகு கர்னல் ஹல்வர் குன்வோரின் காதில் சொன்னார்: "கொஞ்சம் மேலாப்புல சுடும்மா."

டாங்கிக்கு ஒரு மீட்டர் மேலே சுட்டாள். ராய்மோ தலையை நீட்டிக் கைதட்டினான். ஆண்டுதோறும் இதே கூத்துதான். அந்தச் சோதனைகளைப் பார்த்துப் பார்த்துத்தான் பொறியாளர்கள் குளவிக்கு மூளை வைத்தார்கள். அதுவும் சமர்த்தாகக் கற்றுக்கொண்டது: டாங்கியைக் கண்டால், குறி வைத்த இடத்துக்கு ஒரு மீட்டர் மேலே போக வேண்டும்.

3

(இங்கே ஹல்வரை முட்டாளாகக் காட்ட ஆசைப்பட்டேன். நல்ல மனிதர். அதுதான் தொல்லை.)

"ஹல்வர், குளவி ஒரு மீட்டர் மேலதான் போகுது," என்றாள் குன்வோர்.

"எப்பவுமேவா?"

"எப்பவுமே."

"அடேயப்பா, என்ன துல்லியம் பாரு!"

"விளையாடாதீங்க. சண்டைன்னு வந்தா என் படைப்பிரிவுப் பசங்க செத்துப்போவாங்க."

அவர் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். "திருத்தணும்னா டாங்கி மேலயே சுட்டுப் பாக்கணும். உள்ள ராய்மோ இருக்கானே. எறங்குப்பான்னு மொகத்துக்கு நேரா எப்படிச் சொல்றது?"

சோதனைக் குழு கூடியது. ஒவ்வொருவர் பேசுவதையும் எல்லாரும் பொறுமையாகக் கேட்டார்கள். அடுத்த முறை ராய்மோவுக்கு ஒரு கம்பளிச் சட்டை பின்னிக் கொடுப்பது என்று ஒருமனதாக முடிவாயிற்று.

4

நான் எழுதிய முடிவில், டாங்கி இரவலாக வரவில்லை. எல்லையைத் தாண்டி வருகிறது. மூடியைத் திறந்து தலையை நீட்டுகிறவன் ராய்மோ, அந்தக் கம்பளிச் சட்டையோடு. (சட்டையைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். அழவைக்கிற வேலை.) குன்வோர் டாங்கியின் மேல்பாகத்தில் குறி வைத்தால் குளவி அவன் தலைக்கு மேலே போய்விடும், அவளுடைய படைப்பிரிவுப் பையன்கள் சாவார்கள். கீழே சங்கிலிச் சக்கரத்தில் குறி வைத்தால் —

இவ்வளவையும் அவளுக்குப் படித்துக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

"சக்கரத்துல குறி வெக்கணும்னு என் பசங்களுக்குச் சொல்லிட்டேன்," என்றாள். "அதுலேர்ந்து மனசே சரியில்ல. ராய்மோகிட்டயும் சொல்லியிருக்கணுமோன்னு இருக்கு."

"சொல்லேன்."

"என்னன்னு சொல்றது? இனிமே உள்ள உக்காராதன்னா?" துணிக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டாள். "திங்கக்கிழம என்னை எல்லைக்குப் போகச் சொல்லிட்டாங்க. நீ முடிவ எழுதாத. எழுதினா, அங்க நிக்கறப்ப அதுதான் கண்ணு முன்னாடி வரும்."

5

எழுதவில்லை. குளவியை உங்கள் தோளில் வைத்துவிட்டு நான் நகர்ந்துகொள்கிறேன். பெரிய கனமில்லை, ஒரே ஆள் தூக்குவதற்குத்தானே செய்தார்கள். எதிரே ராய்மோ தெரிந்த முகத்தைத் தேடிக் கையாட்டிக்கொண்டு வருகிறான். அவனை இறங்கச் சொல்ல இன்றுவரை யாருக்கும் வாய் வரவில்லை. உங்களுக்கு வந்தால், சுடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.