வெடித்தபோது மட்டும் என் வண்டி

1

இந்தக் கதை ஒரு கடிதத்தின் தோல்வியிலிருந்து பிறந்தது. என் அக்காவின் கணவர், எனக்கு மாமா, லாரி ஓட்டுகிறார். வருமான வரி அலுவலகத்துக்கு அவருக்காக ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். 'மதிப்புக்குரிய ஐயா' என்று தொடங்கி, பொருள், பார்வை எல்லாம் வரிசையாகப் போட்டு முடித்துப் படித்துப் பார்த்தால், வயிறெரிந்து சொல்ல வேண்டியதெல்லாம் 'தங்கள் மேலான பார்வைக்கு' என்று கைகட்டி நின்றது. கிழித்துப் போட்டேன். கதையில் யாரையும் ஐயா என்று கூப்பிட வேண்டியதில்லை.

2

முதல் தொடக்கம்: 'இறக்கத்தில் சிமெண்டு மூட்டைகளோடு வந்த லாரியின் முன் டயர் வெடித்தபோது அவர் —'

[வேண்டாம். இப்படித் தொடங்கினால் யாராவது சாக வேண்டும் என்று எதிர்பார்ப்பீர்கள். யாரும் சாகவில்லை. ஸ்டியரிங்கை உடும்புப்பிடியாகப் பிடித்து, எதிரே வந்த பள்ளி வேனிலிருந்து விலக்கி, மண்மேட்டில் ஏற்றி நிறுத்திவிட்டார்.]

இரண்டாம் தொடக்கம்: 'முதலாளி அவர் தோளில் தட்டி, "நீ சிங்கம்யா" என்றார். அடுத்த சம்பளத்தில் டயர் விலையைப் பிடித்துக்கொண்டார்.'

இது இருக்கட்டும்.*

* டயர் மட்டுமில்லை. கிழிந்த தார்ப்பாய், உடைந்த பின்விளக்கு, வண்டி எங்கே நிற்கிறது என்று அலுவலகம் வேவு பார்க்க அவர் கையில் கொடுத்த போன், எல்லாமே சம்பளப் பிடித்தம். தன்னை வேவு பார்க்கும் போனுக்குத் தானே தவணை கட்டும் மனிதரை நான் கற்பனை செய்திருந்தால், மிகை என்று நீங்களே சொல்லியிருப்பீர்கள்.

3

இங்கே கொஞ்சம் சட்டம் பேசியாக வேண்டும்; பொறுத்துக்கொள்ளுங்கள். வேலைக்காகத் தொழிலாளி கைக்காசு போட்டால், அதை வருமானத்தில் கழித்துவிட்டு மிச்சத்துக்கு வரி கட்டினால் போதும். இந்தக் கதை நடக்கும் ஊரில் சட்டம் அப்படி. மாமா கழித்து எழுதினார். ஆதாரம் காட்டு, இல்லாவிட்டால் பொய்க்கணக்குக்கு அபராதம் என்று வரி அலுவலகத்திலிருந்து பதில் வந்தது.

ஆதாரமா? பை நிறைய ரசீது; ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி கம்பெனிக்கும் போயிருக்கிறது. எதிலும் அவர் பெயர் இல்லை. டயர் கடையில், பட்டறையில், எடைமேடையில் "பேரு?" என்று கேட்டால் லாரிக்காரர்கள் யாரும் தங்கள் பெயரைச் சொல்வதில்லை, வண்டி நம்பரைச் சொல்வார்கள். இவரும் காலமெல்லாம் அதையே சொல்லியிருக்கிறார். வண்டி கம்பெனியுடையது. ஆக, ரசீதும் கம்பெனியுடையது.

"உங்க பேரைச் சொன்னா வாய்ல இருக்கற முத்து உதிர்ந்துடுமா?" என்று அக்கா கத்தினாள்.

"நம்ம கல்யாணப் பத்திரிகையில நம்பர் போடாம விட்டேனே, அதுக்கு சந்தோஷப்படு."

சம்பளச் சீட்டிலோ 'இதரப் பிடித்தம்' என்று ஒரே வரி. இன்னின்ன செலவைச் சம்பளத்தில் பிடித்தோம் என்று கம்பெனி எழுதிக் கொடுத்தால் தப்பிக்கலாம். கேட்கப் போனார்.

4

அலுவலகக் கணக்கரை வில்லனாக எழுத ஆசைப்பட்டேன். தங்கப்பல், கோணல் சிரிப்பு, [சீறும் பாம்பைப் போல அவர் தலையைத் —] அதையெல்லாம் அடித்துவிட்டேன். நிஜத்தில் அவர் இளைஞர். எழுந்து நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். அதில்தான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

"அண்ணே, இந்த பில்லெல்லாம் கம்பெனி செலவுன்னு ஏற்கெனவே ஏத்தியாச்சே. கம்பெனிக்கு வரியும் குறைச்சாச்சு."

"ஏத்திக்கங்க தம்பி. எறங்கினது என் சம்பளம்தானே?"

"பில்லுல வண்டி நம்பர் இருக்கு. வண்டி யாருது? நீங்களே சொல்லுங்க."

"அப்ப வெடிச்சப்ப மட்டும் என் வண்டியா?"

கணக்கர் ஒரு தாளை நகர்த்தினார். எல்லாச் செலவையும் கம்பெனியிடமிருந்து முழுமையாகப் பெற்றுக்கொண்டேன் என்று அதில் இருந்தது.

"ஒரு கையெழுத்து போட்டுட்டு வண்டிச் சாவிய எடுத்துக்கங்கண்ணே. போடலன்னா சாவி ஆணியிலயே தொங்கட்டும்னு முதலாளி சொல்லிட்டாரு."

போட்டால், வரி அலுவலகத்துக்கு அவர் பொய்யர், அபராதம். போடாவிட்டால், வேலை இல்லை. டயருக்குப் பணம் கொடுத்தது அவர், சலுகை வாங்கியது கம்பெனி, கடைசியில் திருட்டுப் பட்டமும் அவருக்கே. (இந்த வாக்கியம் கடிதத்திலும் இருந்தது. முன்னால் 'மிகவும் பணிவுடன்' என்று சேர்த்திருந்தேன்.)

5

முடிவு ஒன்று: தாளைக் கிழித்து வீசுகிறார். அக்கா படித்துப் பார்த்தாள். "கிழிக்கறது நல்லாத்தான் இருக்கு. வீட்டு வாடகைய யாரு குடுப்பா, நீயா?"

முடிவு இரண்டு: கையெழுத்துப் போடுகிறார். 'பேனாவைப் பிடித்த அவர் விரல்கள் —'

[என்னால் முடியவில்லை.]

முடிவு மூன்று: மற்ற ஓட்டுநர்கள் தங்கள் சாவிகளைக் கொண்டுவந்து கணக்கர் மேசையில் கொட்டுகிறார்கள். எழுதும்போது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. மாமா சிரித்தார். "அன்னிக்கு வாசல்ல ரெண்டு பேர் இருந்தாங்க. என்னைப் பார்த்ததும் பானட்டைத் திறந்து தலைய உள்ள விட்டுக்கிட்டாங்க. பாவம், அவங்களுக்கும் தவணை இருக்கு."

6

நடந்தது இதுதான். பேனாவை எடுத்தார். தாளின் அடியில் 'பெயர்' என்ற இடத்தில், நிதானமாக, வண்டி நம்பரை எழுதினார்.

"அண்ணே, உங்க பேரு!"

"பில்லுக்கு இது போதும்னீங்க. இதுக்குப் போதாதா?"

பழக்கதோஷமா, வேண்டுமென்றேவா என்று துருவிப் பார்த்தேன். வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார். கணக்கர் இன்னொரு பிரதி எடுக்க எழுந்து போனார். பிரிண்டர் இரைகிறது. சாவி ஆணியில் தொங்குகிறது.

பிறகு என்ன ஆயிற்று என்பது எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். சொன்னால் 'ஐயோ பாவம்' என்றோ 'சபாஷ்' என்றோ பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடுவீர்கள். புதிய தாள் வந்ததும் அவர் என்ன செய்தார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும்: எழுதுகிற காகிதத்தின் விலையை அவர் சம்பளத்தில் பிடிக்காதீர்கள்.