ஆயிரம் சைஸ் ரீல்

எங்கள் குடியிருப்பில் ஏரி மூன்றாவது மாடியில் இருக்கிறது. என் மனைவி உலகம்மாள் ஐப்பசியில் அதற்குள் போனாள். அவளுக்கு முன்பு மேல்வீட்டு நெல்லையப்பனின் அப்பாவும் எதிர்வீட்டு டீச்சரும் போயிருந்தார்கள். போகிறவர்கள் செருப்பைக் கரையில் விட்டுவிட்டுப் போவார்கள். வீட்டுக்காரர்கள் அதை எடுத்து வந்து துடைத்து வைப்பார்கள்.

போனவர்களைத் தூண்டில் போட்டு எடுக்கலாம். ஒருவருக்கு ஒரு முறைதான் அனுமதி. இரையைக் கவ்வும்போது இழுத்தால் வந்துவிடுவார்கள். இழுக்கத் தவறினால் ஏரி அவர்களை வைத்துக்கொள்ளும்.

ஆகவே தூண்டில் ரீல் எந்த சைஸ் என்பது முக்கியம்.

உலகு காலையில் சமையலறைக் குழாயில் பேசுவாள். தண்ணீர் வரும் நேரத்தில்தான் பேச முடியும். பெரும்பாலும் வீட்டு விஷயம்தான். கேஸ் பதிந்தாயிற்றா, மாவு பொங்கி வழிந்திருக்குமே, சாயம் போகிற துண்டை வெள்ளை வேட்டியோடு ஊறவைத்தீர்களா என்று கேட்பாள். நான் குடத்தைப் பிடித்துக்கொண்டே பதில் சொல்வேன். அவள் குரல் வரவர மெலிந்துகொண்டிருந்தது. குடம் நிறைய நேரம் பிடித்தது.

அன்று குழாயைத் திறந்ததும் கேட்டாள்.

"ரீல் வாங்கப் போறீங்களாக்கும்?"

"ஆமா. என்ன சைஸ் எடுக்க?"

"குக்கருக்கு கேஸ்கெட் வாங்குன மாதிரி வாங்கிட்டு வந்துராதீங்க."

அஞ்சு லிட்டர் குக்கருக்கு மூணு லிட்டர் கேஸ்கெட் வாங்கியதை அவள் ஏரிக்குள்ளும் மறக்காமல் எடுத்துப் போயிருந்தாள்.

"சின்னதா எடுங்க. நான் ரொம்ப லேசாயிட்டேன். வந்து பிடிச்சா உங்க கைக்குத் தெரியணும். பெருசா எடுத்தீங்கன்னா..."

தண்ணீர் நின்றுவிட்டது. குழாய் கொஞ்சம் இருமியது.

கடைக்குக் கிளம்பும்போது கோமதிநாயகம் வந்து சேர்ந்தான். உலகுவின் தம்பி. கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் அடிக்கிற கடை வைத்திருக்கிறான். எந்தச் சாவையும் பத்துக்கு எட்டா, இருபதுக்குப் பத்தா என்றுதான் பார்ப்பான். கெட்டவன் இல்லை. அக்கா போன அன்று சாப்பிடாமல் கிடந்தவன் அவன் ஒருவன்தான். அவளே சின்னது போதும் என்று சொன்னதை அவனிடம் சொன்னேன்.

"அக்கா எதத்தான் வேணும்னு கேட்டிருக்கா? அத நம்பி நாம நடக்க முடியுமா அத்தான்? நெல்லையப்பன் அவங்கப்பாவுக்கு நானூறு சைஸ் எடுத்தான். நீங்க இருநூறோட போய் நின்னா, பொண்டாட்டி மேல இவ்வளவுதான் பாசம்னு பேச மாட்டாங்களா?"

எதிர்வீட்டு டீச்சரை இருநூறில்தானே எடுத்தார்கள் என்றேன். அது உண்மை. டீச்சர் திரும்பி வந்து பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார். தலைமுடி மட்டும் காயவில்லை.

"எடுத்தாங்க. யாருக்குத் தெரியும்?" என்றான்.

"கைக்குத் தெரியணும்னு சொன்னாடா."

"ஊருக்குத் தெரியணும்லா அத்தான்."

ரீல் கடை லிஃப்டுக்குள் இருந்தது. மாடிக்கு ஒரு சைஸ். தரைத்தளத்தில் இருநூறு. மேலே போகப்போகப் பெரியது. யார் எந்த மாடியில் இறங்குகிறார்கள் என்று படிக்கட்டில் நின்று எல்லோரும் பார்ப்பார்கள்.

கடைக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இருநூறை என் கையில் வைத்தார். கோழிக்குஞ்சு போல உள்ளங்கையில் அடங்கியது. கைப்பிடியைச் சுற்றினால் விரலுக்குள் லேசாக ஒரு துடிப்பு வந்தது.

"நரம்பு இருக்கா?" என்று கேட்டார்.

தூண்டிலுக்குக் கட்டுவது நரம்பு. இது எல்லோருக்கும் தெரியும். வீட்டில் கொஞ்சம் கிடக்கிறது என்றேன். அவர் என் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"இதத்தான் கேட்டேன். மெலிசாத்தான் இருக்கு. இருநூறுக்கு முழங்கை வரைக்கும் போதும். அதுக்கு மேல போனா மிச்சம் இருக்காது."

இருநூறையே எடுத்துக்கொள்கிறேன் என்று வாயைத் திறப்பதற்குள் கோமதிநாயகம் உச்சி மாடிக்குப் பொத்தானை அழுத்திவிட்டான். படிக்கட்டிலிருந்து கைதட்டல் கேட்டது. நெல்லையப்பன் மட்டும் தட்டவில்லை. அவன் கை நானூறுக்குப் பிறகு அவ்வளவாகத் தூக்க வராது. அவன் அப்பாவும் வரவில்லை.

உச்சி மாடியில் ஏரி நலச் சங்கத் தலைவர், தூண்டில் செம்மல் ஆறுமுகநயினார் நின்றார். மேலே போர்த்தியிருந்த பொன்னாடைகளுக்கு நடுவே அவர் முகம் எங்கேயோ இருந்தது. தூண்டில் பிடித்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. தலைமை தாங்குவார்.

"துயரம் என்பது தனிமனிதனின் உடைமை அன்று. அது சமூகத்தின் சொத்து" என்றார். பிறகு என்னை அணைத்துக்கொண்டார். பொன்னாடைகள்தான் அணைத்தன. ஆளைத் தொட முடியவில்லை.

ஆயிரம் சைஸ் ரீலை நாலு பேர் தூக்கி வந்தார்கள். கல்யாண வீட்டு கிரைண்டர் அளவுக்கு இருந்தது. நரம்பு ஏற்றத் தொடங்கினார்கள். மணிக்கட்டில் ஒரு முனையைப் பிடித்து இழுத்தார்கள். வலிக்கவில்லை. ஸ்வெட்டர் பிரிவது போலிருந்தது. முழங்கை போனது, தோள் போனது. அடுத்த கையையும் கேட்டார்கள். கொடுத்தேன். ரீல் பாதிதான் நிறைந்திருந்தது. பார்வைக்கு நிறைந்தது போல இருக்கட்டும் என்று உள்ளே பழைய பொன்னாடைகளைச் சுற்றினார்கள்.

கோமதிநாயகம் பெருமையோடு என் தோளைத் தட்டினான். தட்டுவதைப் பார்த்தேன்.

தூண்டில் போடும் நாளில் லிஃப்டுக்கும் ஏரிக்கும் நடுவே இருந்த வராண்டா நீண்டுவிட்டது. ஃபிளெக்ஸ்களுக்கு இடம் போதவில்லை என்பதால் நீண்டது. எல்லாவற்றிலும் உலகு சிரித்துக்கொண்டிருந்தாள். அது ரேஷன் கார்டுப் படம். அதில் அவள் சிரிக்கவில்லை. கோமதிநாயகம் கடையில் சிரிக்க வைத்திருந்தான்.

இரை மெதுவடை. நான்தான் சுட்டேன். ஒரு பக்கம் கருகிவிட்டது. முள்ளில் அதைக் கோத்தேன். விரல் வேலை செய்வது தெரியாததால் கண்ணால் பார்த்துப் பார்த்துக் கோத்தேன். நாலு பேர் ரீலை நிமிர்த்திப் பிடிக்க, வடை ஏரியின் நடுவில் போய் விழுந்தது. குடியிருப்பே ஆரவாரம் செய்தது.

அப்புறம் வரவேற்புரை. மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே என்றார்கள். பொருளாளர் அவர்களே, துணைப் பொருளாளர் அவர்களே, லிஃப்ட் அவர்களே. ஒருவர் பேச வந்து முந்தியவர் விளித்தவர்களையெல்லாம் மறுபடி விளித்தார். ஏரியை விளித்தார். அவளை யாரும் விளிக்கவில்லை.

நான் ரீலை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். இரண்டு கைகளும் யாரோ என் மடியில் மறந்து வைத்துவிட்டுப் போன சாமான்கள் போலக் கிடந்தன. தண்ணீரையே பார்த்தேன். தண்ணீர் அசைந்தது. தண்ணீர் என்றால் அசையும்தானே.

தலைவர் பேசினார். இந்த மாநிலமே காணாத ரீல் என்றார். இதைவிடப் பெரிய அன்பு உண்டா என்று கேட்டார். இல்லை என்று கூட்டம் சொன்னது. நடுவில் ஒருமுறை எதிர்வீட்டு டீச்சர் முன்வரிசையிலிருந்து எழுந்து ஏரியைக் கையால் காட்டினார். ஈரத்தலை சொட்டுகிறது, நாற்காலி பாழாகிறது என்று சொல்லி அவரை உட்கார வைத்தார்கள். எனக்கும் ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். அது கண்ணை மறைத்தது. விலக்குவதற்குக் கை வரவில்லை.

நன்றியுரை முடிந்தது. ஏரி மூடும் நேரம் என்று மணி அடித்தார்கள். பொன்னாடையை எடுத்துவிட்டு, ரீலைச் சுற்றச் சொன்னார்கள். நாலு பேர் சுற்றினார்கள். கனம் இல்லை. சுற்றச் சுற்ற நரம்பு மட்டும் வந்துகொண்டிருந்தது, ஈரமாக. கூட்டம் வராண்டாவில் சாப்பாட்டுப் பந்திக்குப் போய்விட்டது.

கடைசியில் முள் வந்தது.

வடை இல்லை. முள்ளின் வளைவில் மிளகு மட்டும் வரிசையாக ஒட்டியிருந்தது.

கோமதிநாயகம் குனிந்து பார்த்தான். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"மீன் எங்கயாச்சும் மிளகை ஒதுக்குமா அத்தான்?"

"ஒதுக்காது."

"எப்ப வந்தா?"

"தெரியல."

"ரொம்ப நேரம் இருந்திருப்பாளா?"

ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்க அவளுக்கு எப்போதும் நேரமாகும் என்றேன். அவன் என் கையை எடுத்து வைத்துக்கொண்டான். கிள்ளினான். என் முகத்தைப் பார்த்தான். இன்னும் அழுத்திக் கிள்ளினான். பிறகு அந்தக் கையிலேயே முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். கண்ணீர் சூடாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

ஏரியின் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நாலு பேரும் ரீலைத் திருப்பித் தூக்கிப் போனார்கள்.

வடையானாலும் பொங்கலானாலும் உலகு மிளகைச் சாப்பிட மாட்டாள். தட்டோரத்தில் ஒதுக்கி என் பக்கம் தள்ளுவாள். வீணாக்க வேண்டாம் என்று நான் தின்றுவிடுவேன்.

கோமதிநாயகத்திடம் முள்ளை என் வாய்க்கு நேராகப் பிடிக்கச் சொன்னேன். ஒவ்வொன்றாகக் கடித்து எடுத்தேன். தண்ணீரில் அவ்வளவு ஊறியும் காரம் போகவில்லை.