கை நனைக்க வந்தவர்கள்

உருளைக்கிழங்கைத் தோலுரிக்கும்போது சுட வேண்டும், ஆறிப்போனால் அது வெறும் கிழங்குதான் என்பது ராயப்பனின் கட்சி. அதனால் பானையிலிருந்து எடுத்த கிழங்கை அவன் மகள் லூர்துமேரி இந்தக் கைக்கும் அந்தக் கைக்குமாக மாற்றிக்கொண்டு, விரல்நுனிகளை ஊதிக்கொண்டு உரித்தாள். ராயப்பன் பக்கத்தில் குந்தி, பங்களாவிலிருந்து கொண்டுவந்த கத்தியால் ஒவ்வொன்றையும் வில்லை வில்லையாக அரிந்தான். ஒன்றுகூட உடையவில்லை. உடைந்தால் துரை தட்டைத் தள்ளி வைத்துவிடுவாராம். அந்தத் துரை இப்போது எந்த ஊர் முள்கம்பிக்குள் உட்கார்ந்து எதைத் தின்றுகொண்டிருந்தாரோ தெரியாது. அவருடைய நாக்குக்குப் பயந்து விழுப்புரத்துச் சேரியில் ஒரு பெண் விரலைச் சுட்டுக்கொண்டிருந்தாள்.

துரை ஜெர்மன்காரர். இந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலையை வாங்கிக் கப்பலேற்றும் கம்பெனிக்கு ஏஜெண்டு. ராயப்பன் அவருக்குக் குசினிக்காரன். புதுச்சேரியில் வெள்ளைக்காரர் வீடுகளில் பாத்திரம் கழுவி, காய் அரிந்து, மெல்ல மெல்ல அடுப்பருகே போய்ச் சேர்ந்தவன். ஞாயிற்றுக்கிழமைகளில் கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வேறு துரைமார்கள் விருந்துக்கு வருவார்கள். இந்த உருளைக்கிழங்கு சாலட்டை ஒரு வாய் போட்டதும் அவனை உள்ளேயிருந்து கூப்பிட்டு, மேஜையைச் சுற்றி எல்லாரும் கைதட்டுவார்கள். அந்தக் கதையை ராயப்பன் சொல்லாத ராத்திரி கிடையாது. சொன்னானே தவிர, பெண்டாட்டியும் மகளும் அதன் ருசியைக் கண்டதில்லை. துரை வீட்டு மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவருவது அவனுக்குக் கௌரவக் குறைச்சல்.

போன செப்டம்பரில் சீமையில் சண்டை மூண்டது என்றார்கள். போலீஸ் மோட்டார் வந்தது, துரையை ஏற்றிக்கொண்டு போனது, பங்களாவைப் பூட்டிச் சீல் வைத்தார்கள். ராயப்பன் ரயில்வே பங்களாக்களில் ஏறி இறங்கினான். ஜெர்மன்காரனுக்குச் சமைத்தவன் என்று எவனும் கேட்டைத் திறக்கவில்லை. ஊர்ப் பெரிய மனிதர்கள் வீட்டுக் குசினியில் அவனுடைய நிழல்கூட விழ முடியாது. ஆக, நாலு நாட்டுத் துரைமார்கள் கைதட்டிய கையைக் கட்டிக்கொண்டு அவன் வீட்டில் உட்கார்ந்தான். பெண்டாட்டி சவுரியம்மாளும் மகளும் கோலியனூர்ப் பக்கம் மல்லாட்டை பிடுங்கப் போனார்கள். நீயும் வாயேன் என்று அவள் ஒரு தடவை கூப்பிட்டாள். அவன் பார்த்த பார்வையில் மறு தடவை கூப்பிடவில்லை.

இந்த நிலையில்தான் லூர்துமேரிக்கு ஒரு வரன் வந்தது. பையன் சவுரிராயன், திண்டிவனம் ஸ்டேஷனில் போர்ட்டர். மாதா கோயில் தேர்த்திருவிழாவில் பெண்ணைப் பார்த்துவிட்டுப் போய், கட்டினால் அவளைத்தான் கட்டுவேன் என்று அத்தையிடம் சொல்லியிருந்தான். லூர்துமேரியும் அவனைப் பார்த்திருந்தாள். அதைப்பற்றி அவள் யாரிடமும் பேசவில்லை, ஆனால் அன்றிலிருந்து வயலில் அவள் கை மட்டும் தனி வேகத்தில் ஓடியது. பையனின் அப்பா அந்தோணிசாமிதான் இழுத்தார். கூட்டேரிப்பட்டுப் பக்கம் ஒரு பண்ணையில் வயசெல்லாம் படியாளாக இருந்தவர் அவர். துரை வீட்டுக் காற்று பட்ட குடும்பம் நம்மை மதிக்குமா என்று அவருக்குச் சந்தேகம். அவருடைய தங்கை ராஜாமணி பேசிப் பேசித்தான் அவரைக் கரைத்தாள். பெண் பார்த்தாகிவிட்டது, பேச்சும் முடிந்துவிட்டது. மிச்சமிருந்தது கை நனைப்பதுதான். பெண் வீட்டில் அவர்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக் கை கழுவிவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு சாமியாரிடம் போய், கோயிலில் கல்யாணத்தை அறிவித்து ஓலை கூறச் சொல்லலாம். அதுவரை எத்தனை பேசியிருந்தாலும் பேச்சுத்தான்.

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். சவுரியம்மாள் தான் வளர்த்த முட்டைக்கோழியை அடித்துக் குழம்பு வைத்து, சுடச்சுட நெல்லுச்சோறு போடுவதாக இருந்தாள். ராயப்பன் குறுக்கே வந்தான்.

"கோழிக் கொழம்பு எந்த நாய்தான் வெக்காது? நான் சாலட்டு பண்றேன். கோழிய எனக்குக் குடு."

"கெழங்குக்குக் கோழி எதுக்கு?"

"வேவ வெச்ச தண்ணிய கெழங்கு மேல ஊத்தணும். பங்களாவுல மாட்டெலும்புத் தண்ணி. சம்பந்திக்கு எலும்புத் தண்ணியா ஊத்துவாங்க?"

"சாறு எறங்குன கறிய வெச்சிக்கினு நான் என்னா பண்றது?"

"நீ கொழம்பு வையி, யாரு வாணான்னா? ஆனா மொதல்ல சாலட்டு. அத்த சாப்ட்டு முடிச்சி, தட்ட மாத்துன அப்பறந்தான் சோறு, கொழம்பு. ஒண்ணு பின்னால ஒண்ணா வெக்கிறதுதான் மருவாதி."

சவுரியம்மாள் விட்டுக்கொடுத்தாள். உருளைக்கிழங்கு ரயில்வே காலனிக்குக் காய் கொண்டுவருகிறவனிடம் ராயப்பன் கெஞ்சி வாங்கியது. வேலை போன நாளிலிருந்து அவன் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அவள் பார்த்ததில்லை. அந்த வெளிச்சத்தை அணைக்க மனசு வரவில்லை, அவ்வளவுதான். இரக்கப்பட்ட இடத்தில்தான் குடி கெடுகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, அரிந்த கிழங்கின்மேல் ராயப்பன் பொடிப்பொடியாக நறுக்கிய வெங்காயத்தைத் தூவினான். அரைத்த கடுகையும் உப்பையும் கோழிச்சாற்றில் கலக்கி, கொதிக்கக் கொதிக்கச் சுற்றி ஊற்றினான். சாறு கிழங்குக்குள் இறங்கும் மெல்லிய சத்தத்தைக் குனிந்து கேட்டான். கத்தி, பீங்கான் தட்டுகளோடு பங்களாவிலிருந்து அவன் கேட்டு வாங்கிவந்தது அரை பாட்டில் வினிகர். அதை மூடி மூடியாக அளந்து விட்டான். கடைசியில் மல்லாட்டை எண்ணெய். கரண்டி போடாமல் பாத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினான். புளிப்பும் கடுகுமாக எழுந்த வாடையில் லூர்துமேரிக்கு வாய் ஊறியது. சுடச்சுட இப்படியே சாப்பிட்டால் எப்படியிருக்கும் என்று நினைத்தாள். அவனோ பாத்திரத்தின்மேல் ஈரத்துணியைச் சுற்றி, தண்ணீர்ப்பானைக்கு அடியிலிருந்த ஈர மணலில் பாதிவரை புதைத்து வைத்தான்.

"சூடாவே குடுத்தா என்னாப்பா?"

"சில்லுனு இருக்கணும். துரை சூட்டோட தொடமாட்டாரு."

பையன் வீட்டிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். அந்தோணிசாமி வெளுத்த வேட்டியும் தோளில் துண்டுமாக, கால் கழுவிவிட்டு வந்து பாயில் உட்கார்ந்தார். கோழிக்குழம்பின் வாசனை வாசல்வரை வந்திருந்தது. ராஜாமணி மூச்சை இழுத்துவிட்டு, "கைமணம் தூக்குதே தங்கச்சி" என்று சவுரியம்மாளைப் பார்த்துச் சிரித்தாள். சவுரிராயன் தலையைக் குனிந்தபடியே உள்கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். கதவிடுக்கில் லூர்துமேரி நின்றிருந்தாள்.

ராயப்பன் பெட்டியிலிருந்த வெள்ளை உடுப்பை எடுத்துப் போட்டிருந்தான். பித்தளைப் பொத்தான்களைச் சாம்பலால் தேய்த்திருந்தான். இலை போடவில்லை. கைக்குழந்தையைக் கொண்டுவருவது போலப் பீங்கான் தட்டுகளைக் கொண்டுவந்து ஒவ்வொருவர் முன்னாலும் வைத்தான். மணலிலிருந்து எடுத்த பாத்திரத்தைத் துடைத்து, இடது பக்கமாகக் குனிந்து பரிமாறினான். பிறகு முழங்கையில் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு, இரண்டடி பின்னால் போய்ச் சுவரோரமாக நின்றுவிட்டான்.

"நீயும் குந்து மச்சான்" என்றார் அந்தோணிசாமி.

"நான் அப்பறம். நீங்க சாப்புடுங்க."

பங்களாவில் விருந்தாளிக்குச் செய்யும் பெரிய மரியாதை அது. பரிமாறுகிறவன் நிற்கத்தான் வேண்டும். அந்த நேரத்தில் ராயப்பனுக்கு மகள் கல்யாணம் நினைப்பில் இல்லை. முதல் வாய் உள்ளே போனதும் அந்த முகங்கள் எப்படி மாறப்போகின்றன என்பது மட்டுமே நினைப்பில் இருந்தது.

அந்தோணிசாமி சிலுவை போட்டுக்கொண்டார். தட்டில் கை வைத்தவர் சட்டென்று விரலை இழுத்துக்கொண்டார். சில்லென்று இருந்தது. ஒரு வில்லையை எடுத்து வாயில் போட்டார். மெல்லவில்லை. புளிப்பு நாக்கில் இறங்க, அப்படியே கொஞ்ச நேரம் இருந்தார். சோறு வருமென்று உள்ளே பார்த்தார். சோறு வரவில்லை. நிமிர்ந்து ராயப்பனைப் பார்த்தார். அவன் கையைக் கட்டி நின்று, அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். உதட்டில் லேசான சிரிப்பு. ராஜாமணி தட்டைத் தொடாமல் அண்ணன் முகத்தைப் பார்த்தாள்.

"என்னிக்கு ஆக்குனது இது?" என்று கேட்டார் அந்தோணிசாமி.

"காலையிலதான் மச்சான். ஆற வெச்சி, ஊற வெச்சி..." ராயப்பன் உற்சாகமாக ஆரம்பித்தான்.

அந்தோணிசாமி வாயிலிருந்ததைத் துண்டில் துப்பி மடித்துக்கொண்டார். எழுந்தார். சத்தம் போடவில்லை.

"ஆண்டை வூட்டுக் கொல்லையில நின்னு, சில்லுனு புளிச்சத வாங்கித் துன்னே வயசு பூடுச்சி எனக்கு. எம் புள்ள அத்த துன்னக்கூடாதுன்னுதான் ரயில்ல சேத்தேன்."

"ஐயையோ மச்சான், இது பழையது இல்ல, இது துரைமாருங்க..."

"அதான் சொல்றேன். துரை வூட்டு ஆளு நீ. நாங்க கொல்லைப்பக்கத்து ஆளுங்க."

உள்ளேயிருந்து சவுரியம்மாள் சோற்றுப்பானையோடு ஓடிவந்தாள். "அண்ணே, சோறு இருக்குதண்ணே, கொழம்பு கொதிக்குது, குந்துண்ணே" என்று அவர் முன்னால் மறித்து நின்றாள். அவர் சுற்றிக்கொண்டு வெளியே போனார். ராஜாமணி பின்னாலேயே எழுந்தாள். சவுரிராயன் மட்டும் எழுந்திருக்கவில்லை. அவன் தட்டில் வைத்ததை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றுகொண்டிருந்தான். வேகமாகவும் இல்லை, கடனுக்கும் இல்லை. ருசித்துத்தான் தின்றான். கதவிடுக்கிலிருந்து லூர்துமேரி அதைப் பார்த்தாள். அடியில் தங்கிய சாற்றையும் வழித்து நக்கினான். இப்போது எதையாவது சொல்வான், நல்லாத்தானே இருக்குது என்று ஒரு வார்த்தை அப்பாவிடம் சொல்வான் என்று அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வெளியிலிருந்து, "வர்றியா இல்லியாடா?" என்று அந்தோணிசாமியின் குரல் வந்தது. அவன் எழுந்தான். கையைக் கழுவாமல், விரல்களை மூடிக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனான்.

ராயப்பன் நின்ற இடத்திலேயே நின்றிருந்தான். துண்டு இன்னும் முழங்கையில் இருந்தது.

"கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசன" என்றான்.

சவுரியம்மாளுக்கு அப்படியொரு ஆத்திரம் அவள் பிறந்ததிலிருந்து வந்ததில்லை. "யாருய்யா கழுத? நானும் அந்தக் கொல்லையில நின்னவதான். மழையில நனைஞ்சிக்கினு, அவுங்க மேலேருந்து ஊத்துறத கையேந்திக் குடிச்சவதான். நீதான் துரை பின்னால போயி எல்லாத்தையும் மறந்துட்டியே. நாலு பேரு கைதட்டுனா வயிறு ரொம்புமா? இன்னிக்கு எம் பொண்ணு வாழ்க்கைய வாரி மணல்ல பொதச்சிட்டு நிக்கிறியே!"

அவன் அந்தோணிசாமியின் தட்டைக் குனிந்து எடுத்தான். எது குறைந்தது என்று பார்ப்பதுபோல ஒரு வில்லையை எடுத்து வாயில் போட்டு மென்றான். உப்பு சரியாக இருந்தது. புளிப்பு சரியாக இருந்தது. அதுதான் அவனால் தாங்க முடியவில்லை. கையிலிருந்த தட்டோடு அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டான்.

லூர்துமேரி அழவில்லை. அப்பாவைத் தாண்டிப் போய் மீதித் தட்டுகளை எடுத்தாள். சவுரிராயனுடைய தட்டு வழித்துத் துடைத்ததுபோல வெறுமையாக இருந்தது. அதைத் தனியாக வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். "அவுரு சாப்ட்டாரும்மா, முழுசா சாப்ட்டாரு" என்று மட்டும் சொன்னாள். கை நனைத்ததாக அது கணக்கில் சேருமா என்று கேட்பதுபோல இருந்தது அவள் குரல்.

அதைக் கேட்டதும் சவுரியம்மாள் அடுப்படிக்குப் போனாள். குழம்புச் சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு, செருப்பில்லாத காலோடு ஸ்டேஷனைப் பார்த்து ஓடினாள். சேரிக்கும் தண்டவாளத்துக்கும் அதிக தூரமில்லை. திண்டிவனம் பாசஞ்சர் வந்து நின்றிருந்தது. பிளாட்பாரத்துப் பக்கம் போக டிக்கெட் கேட்பார்கள் என்று, பின்பக்கத்துத் தண்டவாளங்களைத் தாண்டி, வண்டிக்கு அந்தாண்டைப் பக்கம் வந்து, சரளையில் நின்றுகொண்டு ஒவ்வொரு ஜன்னலாக அண்ணாந்து தேடினாள். சவுரிராயன்தான் முதலில் கண்ணில் பட்டான். அவனுக்கு எதிரில் அந்தோணிசாமி.

"அண்ணே, சூடா இருக்குதண்ணே. அடுப்புலேருந்து அப்பிடியே எடுத்தாறேன். ஒரே ஒரு வாயி. அந்த மனுசனுக்கு ஒண்ணும் தெரியாதண்ணே, பெருமைக்குப் பண்ணிடுச்சி. பொண்ணு என்னா பாவம் பண்ணுச்சி?"

அந்தோணிசாமி அவளைப் பார்த்தார். கோபம் அந்த முகத்தில் இல்லை. அவள் பயந்தது அதற்குத்தான்.

"உம் மேல ஒண்ணும் இல்லம்மா. கெழங்கக்கூட வுட்டுர்லாம். அவரு நின்னாரு பாரு, கையக் கட்டிக்கினு, நான் துன்றத பாத்துக்கினு. எங்க ஆண்டை அப்பிடித்தான் நிப்பாரு. சம்பந்தின்னு கூப்டுட்டு எங்கூட குந்த மனசு வர்லியே அவருக்கு."

"அது மருவாதின்னு நெனச்சி நின்னதுண்ணே!"

"தங்கச்சி, போம்மா. வண்டி எடுத்துருவான்" என்றாள் ராஜாமணி. அவள் கண் கலங்கியிருந்தது.

சவுரியம்மாள் பையனைப் பார்த்தாள். "தம்பி, நீ சாப்டல்ல? நல்லா இருந்துச்சில்ல? சொல்லு தம்பி, உங்கப்பாகிட்ட ஒரு வார்த்த சொல்லு." சவுரிராயன் வாயைத் திறந்தான். அப்பாவைப் பார்த்தான். திறந்த வாயை மூடிக்கொண்டு, மூடிய கையை மடியில் வைத்துக்கொண்டு, சட்டியைப் பார்த்தான்.

விசில் ஊதியது. பெட்டிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நகர்ந்தன. அவள் சரளைக்கல்லில் தடுக்கித் தடுக்கிக் கூடவே நடந்தாள். "பாருண்ணே, பாரு" என்று மூடியைத் தள்ளிவிட்டுச் சட்டியை ஜன்னல் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தாள். காற்று எதிரிலிருந்து வீசியது. எழுந்த ஆவியெல்லாம் அவள் முகத்திலேயே அடித்தது.