பாதுகாக்கப்பட்ட நரிச்சுனை

எங்கள் அறக்கட்டளையின் முழுப்பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டு பஸ் கிளம்பிவிடும். மலைவள நீர்வளப் பேணல் மற்றும் விழிப்புணர்வு அறக்கட்டளை. பெயர் வைத்தவர் தலைவர் சுந்தரமூர்த்தி ஐயா, கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். நான் டேனியல், ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர், அறக்கட்டளைக்குப் பொருளாளர். பொருள் ஒன்றும் கிடையாது என்பதால் வேலை சுலபம்.

பாலாறு பக்கத்திலேயே கிடக்கிறதே, அதை விட்டுவிட்டு மலையை ஏன் பாதுகாக்கிறீர்கள் என்று சிலர் கேட்பார்கள். ஆற்றைப் பற்றிப் பேசினால், தோல் பதனிட்டு அதில் கழிவை விடுகிற தோல் ஷாப் முதலாளிகள் வருத்தப்படுவார்கள். எங்கள் ஆண்டு விழாவுக்குப் பந்தல், சாப்பாடு, சால்வை எல்லாம் அவர்கள் உபயம். மலையில் தோல் ஷாப் கிடையாது, ஆகவே அதைப் பாதுகாப்பதில் யாருக்கும் மனஸ்தாபம் வராது. மாதம் தவறாமல் கூட்டம் போட்டு, கேன் தண்ணீர் குடித்துக்கொண்டே மலைநீரின் மகத்துவத்தைப் பேசிவந்தோம்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் செல்லம்மாள் வந்தார். பேரணாம்பட்டு தாண்டி, மலையோரத்தில் பஸ் திரும்புகிற ஊர் அவருக்கு. அங்கே மலையில் நரிச்சுனை என்று ஓர் ஊற்று. அதிலிருந்து இறங்குகிற வாய்க்கால் அவருடைய அரை ஏக்கரில் பாய்ந்து அங்கேயே முடிந்துவிடும். முள்ளுக் கத்திரி போட்டிருந்தார். கணவர் இல்லை, மகள் வேலூரில் நர்சிங் படிக்கிறாள். அந்தக் கத்திரிக்காய்தான் வீட்டையும் படிப்பையும் ஓட்டிக்கொண்டிருந்தது.

“ஊருக்குள்ள கெணத்துத் தண்ணி வாயில வைக்க முடியாது சார், அவ்ளோ உப்பு. ஊத்துத் தண்ணி ஒண்ணுதான் நல்லா இருக்குது. இப்ப டேங்கர் லாரிக்காரன் அங்க மோட்டார் போடறேன்னு சுத்திக்னு இருக்கான். போட்டான்னா என் கழனிக்கு ஒரு சொட்டு வராது. எப்டியாச்சும் தடுங்க.”

“அஞ்சற்க அம்மா” என்றார் தலைவர்.

செல்லம்மாள் என்னைப் பார்த்தார். “பயப்படாதீங்கன்றாரு” என்றேன்.

கிராம சபையில் தீர்மானம் போட்டுவிடலாம் என்று முடிவாயிற்று. அந்த ஊத்துத் தண்ணியை யாரும் மோட்டார் வைத்து எடுக்கக் கூடாது என்று எழுதினால் போதாதா என்று கேட்டேன். தலைவருக்கு முகம் சுருங்கிப்போனது.

“கொச்சையாக இருக்கிறது, டேனியல். எதிர்மறையாகவும் இருக்கிறது. தீர்மானம் என்றால் அதில் ஒரு கம்பீரம் வேண்டும்.”

கம்பீரம் வந்தது. பள்ளிக்கூட ஷெட்டில் ஊரே கூடியிருக்க, தலைவர் எழுந்து கணீரென்று படித்தார். “நரிச்சுனை நீரினைப் பாதுகாக்கப்பட்ட நீராக அறிவிக்குமாறு இச்சபை கோருகிறது.”

 பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தார். “ஊட்டுக்கு ஊடு கெடைக்குமா சார்?”

தலைவர் நெகிழ்ந்துவிட்டார். “ஒவ்வொரு இல்லத்துக்கும் அம்மா. நம் வழித்தோன்றல்களுக்கும்.”

இருந்த கைகள் எல்லாம் மேலே போயின. சிலர் இரண்டு கையையும் தூக்கினார்கள். தெருவிளக்குத் தீர்மானத்துக்கே அடித்துக்கொள்கிற ஊர் அது. செல்லம்மாளும் சந்தோஷமாகக் கை தூக்கினார். மக்களிடம் இவ்வளவு விழிப்புணர்வு இருப்பதைத் தான் எதிர்பார்க்கவில்லை என்று திரும்பி வரும்போது பஸ்ஸில் தலைவர் கண் கலங்கினார்.

எங்கள் பக்கத்து ஜனங்கள் ‘பாதுகாக்கப்பட்ட’ என்ற சொல்லை ஒரே இடத்தில்தான் பார்த்திருக்கிறார்கள். தண்ணீர்த் தொட்டியின் வயிற்றில், நீல பெயிண்டில், ‘குடிநீர்’ என்பதற்கு முன்னால். அதற்கு அர்த்தம், மெஷினில் சுத்தம் பண்ணிக் குழாயில் பிடிக்கிற தண்ணீர். ஊர் கை தூக்கியது அந்த மெஷினுக்கு. மேலே இருந்த அதிகாரிகளுக்கும் அதே அர்த்தம்தான் தெரியும். அரசாங்கத்தில் எல்லாம் தாமதம் என்று யார் சொன்னது, அடுத்த கோடைக்குள் லாரியில் மெஷின் வந்து இறங்கியது.

சுனையைச் சுற்றி சிமெண்டுப் பெட்டி கட்டி இரும்பு மூடி போட்டார்கள். அங்கிருந்து குழாய். செல்லம்மாள் கழனிக்குச் சற்று மேட்டில் ஒரு கட்டடம், உள்ளே மெஷின், வெளியே நீல பெயிண்ட். டேங்கர்காரன் அந்தப் பக்கமே வரவில்லை, அந்த வகையில் எங்களுக்கு வெற்றி. திறப்பு விழாவில் தலைவருக்குச் சால்வை போட்டார்கள். ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று அவருக்குப் புரிந்துதான் இருந்தது. ஆனாலும் சால்வையைக் கழற்றவில்லை.

பத்து நாளில் வாய்க்கால் காய்ந்தது. செல்லம்மாள் மறுபடியும் அறக்கட்டளையின் மாடி அறைக்கு வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

“டேங்கர்காரனாச்சும் லாரி வந்தாதான் எடுப்பான் சார். நீங்க ராத்திரி பகலா எடுக்கறீங்க.”

“சொல்லில் பிழை இல்லை அம்மா, பொருள்கொண்டதில்தான்…” என்று தலைவர் ஆரம்பித்தார்.

“செடி வாடுது சார்.”

எனக்கு அந்த மாடியிலிருந்து இறங்கி ஓடிவிடலாம் போல இருந்தது. அவ்வளவு வெட்கம்.

அடுத்த கிராம சபையில் நாங்கள் போய் நின்ற கோலம் எந்த எதிரிக்கும் வரக் கூடாது. பேணல் அறக்கட்டளைத் தலைவர் எழுந்து, நரிச்சுனை நீரைப் பாதுகாக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஊராட்சித் தலைவர் பூங்குழலி நிதானமான பெண்மணி, அவருக்கே பொறுக்கவில்லை.

“பாதுகாக்கணும்னும் நீங்களே சொல்றீங்க, வேணான்னும் நீங்களே சொல்றீங்க. இன்னா சார் இது, பேஜாரா இருக்கு. இத்தினி வருசம் கழிச்சி இப்பதான் இவங்க உப்பில்லாத தண்ணி குடிக்கறாங்க. அத நிறுத்தச் சொல்றீங்களா?”

 அவர் சொன்னதும் நியாயம்தான். எங்களுக்கு ஆதரவாகச் செல்லம்மாள் மட்டும் கை தூக்கினார். பக்கத்திலிருந்த பெண் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார்.

அதற்குப் பிறகு அந்த ஊருக்குப் போகவே எங்களுக்குத் தைரியமில்லை. மழைக்கு முன்னால் ஒருநாள் பேரணாம்பட்டு மார்க்கெட்டில் செல்லம்மாளைப் பார்த்தேன். எதிரே இரண்டு கூடை முள்ளுக் கத்திரி, பளபளவென்று. எப்படி என்று கேட்டதற்குச் சிரித்துக்கொண்டே அடுத்த ஆளுக்குக் காய் நிறுக்கப் போய்விட்டார். விஷயத்தைத் தலைவரிடம் சொன்னேன். மறுநாளே இருவரும் பஸ் ஏறினோம்.

வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மெஷினைப் பார்த்துக்கொள்கிற ஹேமந்த் விஷயத்தைச் சொன்னான்.

“இந்த மெஷின் ஒரு கொடம் நல்ல தண்ணி குடுத்தா ரெண்டு கொடம் வேஸ்ட்டுன்னு வெளிய தள்ளும் சார். ரோட்டுல நின்னு சேறாச்சுன்னு பிரசிடெண்ட் அம்மா திட்டனாங்க. கீழ வாய்க்கா சும்மாதான இருக்குன்னு பைப்ப அதுல உட்டுட்டேன்.”

“அது உப்பாக இருக்காதா?” என்று கேட்டேன்.

“ஊத்துல உப்பே இல்லயே சார், வேஸ்ட்டுல எங்கேர்ந்து வரும்? ஆனா மெஷின் வேஸ்ட்டுன்னு சொல்லிச்சுன்னா வேஸ்ட்டுதான். ஊர்ல ஒருத்தரும் அதத் தொட மாட்டாங்க, ஆட்டக்கூட ஓட்டிக்னு போய்டுவாங்க.”

தலைவர் வாய்க்காலில் குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் பத்து வயது குறைந்திருந்தது. இனிக்கிறது, அதே சுனைநீர், இதைக் கழிவு என்பது மொழிக்கே அவமானம் என்றார். அங்கேயே பேனாவை எடுத்துவிட்டார். அடுத்த கிராம சபையில் இந்த வாய்க்காலை…

கத்திரிச் செடிகளுக்கு நடுவிலிருந்து செல்லம்மாள் மண்வெட்டியோடு ஓடி வந்தார். அதைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் கூப்பினார்.

“சார், உங்களுக்குப் புண்ணியமாப் போவும், யார் கிட்டயும் சொல்லாதீங்க. இது கழிவுன்னு ஊர் நெனச்சிக்னு இருக்கற வரைக்கும்தான் எனக்குத் தண்ணி. இதையாச்சும் பாதுகாக்காம உடுங்க.”