ஆள் வரப்போற இடம்

பாடையில் பந்து நிற்கவில்லை. தௌசீப் அகமது அதை ஜீவாவின் கையருகே வைத்துப் பார்த்தான், சாமந்தி மாலைக்குள் செருகிப் பார்த்தான். இரண்டு முனையும் கூர்ந்த பந்து, புரண்டு புரண்டு வாசலில் விழுந்தது.

"அந்த எழவு பந்த அந்தாண்ட போடுப்பா" என்றார் ஜீவாவின் அப்பா வேலாயுதம். "அவன கெடுத்தது போதாதா?"

எழவு வீட்டில் நின்றுகொண்டே அவர் அப்படிச் சொன்னது யாருக்கும் உறைக்கவில்லை. ஜீவாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த மனைவி ஷர்மிளாவுக்கு உறைத்தது.

"அது அவரோட போவட்டும் மாமா."

"போலீஸ் வேல இதாலதாம்மா போச்சு." பந்தைக் காலால் பெஞ்சுக்கடியில் தள்ளிவிட்டு மேளக்காரர்களிடம் போய்விட்டார்.

கல்லூரியில் ஈட்டி எறிந்தவன் ஜீவா. சென்னையில் அமெரிக்க ஃபுட்பாலுக்குப் புதிதாக அணி சேர்த்தபோது, அந்தக் கையைப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். போலீஸ் தேர்வுக்கு ஓட வேண்டிய நாளில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு மைதானத்தில் நின்றான். குவார்ட்டர்பேக். யார் எங்கே ஓட வேண்டுமென்று சொல்லிவிட்டு, பின்னால் நின்று பந்தை எறிகிறவன். நம் பக்கத்தில் அந்த இடத்தில் நின்றவன் அவனுக்கு முன்னால் யாருமில்லை. பெண் பார்க்க வந்த அன்று இதைச் சொல்லப்போக, ஷர்மிளாவின் சித்தப்பா குவார்ட்டரை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு பேஜாராகிப்போனார்.

ஒரே சீசன்தான். பணம் போட்டவர்கள் கையை விரித்துவிட்டார்கள். ஜீவா மாதனூருக்குத் திரும்பி ஷூ கம்பெனியில் சேர்ந்தான். அணியில் அவன் எறிந்ததையெல்லாம் ஓடிப் பிடித்த தௌசீப்பும் அதே கம்பெனிக்கு வந்து சேர்ந்தான். நேற்றுக் காலை கம்பெனி பஸ்ஸில் ஏறும்போது ஜீவா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியிலேயே சாய்ந்தான். முப்பத்தாறு வயது. சாகிற வயதா அது?

ஞாயிற்றுக்கிழமைகளில் பாலாற்று மணலில் ஷர்மிளாவை எதிரே நிறுத்தி எறிவான். கிழிந்த இடத்தில் கம்பெனியில் கழித்த கறுப்புத் தோலை வைத்துத் தைத்து, ஷூ லேஸ் கோத்த பந்து. அவளுக்கும் எறியக் கற்றுக்கொடுத்தான்.

"ஆளப் பாத்துப் போடாத ஷர்மி. ஆளு எங்க வரப்போறான்னு பாத்து, அங்க போடு."

முதலில் தோளைச் சுளுக்கிக்கொண்டவள், போகப்போக அவனையே மூச்சிரைக்க ஓடவிட்டாள். வேலாயுதம் ஒருநாளும் வந்து பார்த்ததில்லை. ஜீவாவுக்கு அது கடைசிவரை ஆறவில்லை. வாய்விட்டுச் சொல்ல மாட்டான். எறிவதற்கு முன்னால் ஒருமுறை கரையைப் பார்ப்பான், அவ்வளவுதான்.

பாடை கிளம்பியது. ஷர்மிளா குனிந்து, பெஞ்சடியில் கிடந்த பந்தை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். வீட்டில் விட்டுப் போனால் நாளைக்கே குப்பையில் கிடக்கும். வீணாய்ப் போனவன் என்ற பெயரோடு அவனைப் புதைக்க அவளுக்கு மனம் ஒப்பவில்லை.

ஆற்றங்கரையோடு பெண்கள் நின்றுவிட வேண்டும். ஆண்கள் மணலில் இறங்கினார்கள். முன்னால் தௌசீப் தோள் கொடுத்திருந்தான். வேலாயுதம் எல்லோருக்கும் கடைசியில், கால் புதையப் புதைய நடந்தார்.

"மாமா!"

அவர் திரும்பினார். "இன்னாம்மா?"

ஷர்மிளா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பந்தை உயர்த்தினாள்.

"ஏய், இன்னாடி இது, பொணம் போவுது" என்று ஒருத்தி கையைப் பிடித்தாள்.

"வுடுங்கடி அவள" என்றாள் மாமியார் செண்பகம். பிடித்த கையை விலக்கிவிட்டாள். "போடட்டும்."

லேஸின் மேல் விரல்களைப் பதித்து எறிந்தாள். அவரைப் பார்த்து எறியவில்லை. அவருக்கு அந்தப்பக்கம், பாடைக்கும் அவருக்கும் நடுவில் கிடந்த வெறும் மணலைப் பார்த்து எறிந்தாள். பந்து சுழன்றபடி அவர் தலைக்கு மேலே போயிற்று.

"அப்பா, ஓடுங்க!" என்று தோளில் பாடையோடு திரும்பிப் பார்த்துத் தௌசீப் கத்தினான்.

வேலாயுதம் ஓடினார். துண்டு விழுந்தது. இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு ஓடி, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து, மணலில் முட்டி போட்டு விழுந்தார்.

மேளம் நின்றிருந்தது. எழுந்து, முட்டியைத் தட்டாமல் பந்தைத் தட்டினார். அதைப் பாடையில் வைக்கவில்லை, புரண்டு விழுந்துவிடும். நெஞ்சோடு பிடித்தபடியே மகனுக்குப் பின்னால் நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் நின்று, ஒருமுறை கரையைத் திரும்பிப் பார்த்தார்.