முன்சீட்டு யாருக்கு

டயருக்கு அடியில் அந்த எலுமிச்சம்பழம், இன்னும் நசுங்காமல், தன் மேல் ஏறப்போகிற எடை முழுவதையும் தெரிந்துவைத்திருப்பது போல உட்கார்ந்திருக்கிறது, இன்ஜின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை, நகரப்போகிறது, நான் ஓடுகிறேன், கால் வரவில்லை, இது கனவு என்று எனக்கே தெரிகிறது, எந்த டயர் என்பதுதான் தெரியவில்லை, நாமக்கல்லில் அப்பாவின் லாரி டயரா, இல்லை டெக்சாஸில் எங்கள் வீட்டு வாசலுக்கு வரப்போகிற ஆர்.வி.யின் டயரா, படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாவற்றையும் வயிற்றுக்குள் வைத்திருக்கும் அந்த பஸ் நீள வண்டியைப் படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன், அதற்குள் என் தூக்கத்தில் வந்து நின்றுவிட்டது.

சாப்பாட்டு மேஜையில்தான் திட்டம் தொடங்கியது, என் கணவர் இளம்பரிதி லேப்டாப்பைத் திருப்பி, இங்க பாரு புள்ள, இந்த எடம், கதவத் தொறந்தா ஆறு, தண்ணியில கால வுட்டுக்கிட்டே காப்பி குடிக்கலாம் என்கிறார், நாங்கள் தங்கப்போகிற பூங்காவின் வரைபடத்தில் ஆறு நீலமாக வளைந்து போகிறது, அவருடைய சிநேகிதர் ஜெபசிங், நாகர்கோவில்காரர், மனைவியை ஊருக்கு அனுப்பிவிட்டு எங்கள் வீட்டில் சாப்பிடுகிறவர், எட்டிப் பார்த்து, எல மக்கா, காப்பி கெடக்கட்டும், கக்கூஸ் டாங்கு நெறஞ்சா அதக் கழுவி ஊத்துறது யாரு, அதச் சொல்லு மொதல்ல என்கிறார், வர்றவங்கள்ல ஆரு அதிகமாத் திங்கிறாங்களோ அவிங்கதான் என்று இவர் சொல்ல, மைனி, ஒங்க மாப்பிளைக்கி வாயி நீளம், வண்டிய ஆரு ஓட்டுகா, அந்த மலை ரோடு நல்லா வளைவும் சறுக்குமா இருக்கும்லா என்று அவர் என்னைப் பார்த்துக் கேட்க, நான் வாய் திறப்பதற்குள், நான்தான், மொத்தமும் நான்தான், திம்பம் மலையில பைக் ஓட்டுனவன்டா நான் என்று இவர் மார்பைத் தட்டிக்கொள்கிறார், நான் வெங்காயம் உரிக்கிறேன், உரித்துக்கொண்டே இருக்கிறேன். முன்சீட்டு எனக்கு, என்றாள் ஓவியா, ஐந்தாவது படிக்கும் எங்கள் ஒரே பெண், ஐயோ பாப்பா, மாமாவுக்குப் பின்னால இருந்தா வாந்தி வரும்லா என்று ஜெபசிங் கெஞ்சினார், அவள் சிரிக்கவில்லை, எனக்குத்தான் வேணும், அப்பா பக்கத்துல நான்தான் என்றாள், அப்பாவின் வலது பக்க நாற்காலியில் உட்கார்ந்து இடது கையை நீட்டி அவருடைய காப்பி டம்ளரைத் தொட்டாள், மடக்கினாள், மறுபடி நீட்டினாள், என்னடி விளையாட்டு என்றேன், சும்மா என்றாள், வேடிக்கை பார்க்க ஆசை என்று நினைத்துக்கொண்டேன், நினைத்துக்கொள்வது சுலபம்.

ஏனென்றால் நான் நினைக்காமல் இருக்கப் பாடுபட்டது வேறொன்று, பிப்ரவரியில் டல்லாஸிலிருந்து திரும்புகிற நெடுஞ்சாலை, பின்சீட்டில் ஓவியா தூங்குகிறாள், நான் ஏதோ கேட்கிறேன், பதில் இல்லை, ஏனுங்க என்கிறேன், கண் திறந்திருக்கிறது, கண்ணுக்குள் ஆள் இல்லை, உதடு மட்டும் எதையோ மெல்லுவது போல அசைகிறது, கார் மெல்ல, மிக மெல்ல, பக்கத்துத் தடத்துக்கு நழுவுகிறது, அந்தத் தடத்தில் ஒரு ராட்சச டிரக், அதன் ஹாரன் என் எலும்புக்குள் இன்னும் இருக்கிறது, ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தேன், டிரக் காற்றாய்க் கடந்துபோனது, அவர் திரும்பி, என்ன, ஏன் கத்துற என்றார், உண்மையிலேயே தெரியாமல் கேட்டார். தூக்கம், வேறொன்னுமில்ல, டாக்டர்கிட்டப் போனா லைசென்ஸைப் புடுங்கிருவான், அப்புறம் இந்த ஊர்ல கையும் காலும் இல்லாத மாதிரிதான், ஆருகிட்டயும் சொல்லாத, என்றார், நான் சொல்லவில்லை, என் அம்மாவும் சொல்லவில்லை, அப்பாவுக்குச் சர்க்கரை இறங்கினால் கண் இருட்டிக்கொண்டு வரும் என்பது வீட்டில் அவளுக்கு மட்டும்தான் தெரியும், லாரி ஓனருக்குத் தெரிந்தால் வண்டி கொடுக்கமாட்டார், அதனால் ஒவ்வொரு பயணத்துக்கும் கற்பூரம் காட்டி, டயருக்கு டயர் பழம் வைத்து, அது நசுங்குகிற சத்தம் கேட்டபிறகுதான் வீட்டுக்குள் வருவாள், அன்றைக்கும் நசுங்கியது, நன்றாகவே நசுங்கியது, தொப்பூர் இறக்கத்தில் லாரி தடுப்புச் சுவரைத் தாண்டியது, பழம் நல்லாத்தான கண்ணு நசுங்குச்சு, பழம் நல்லாத்தான நசுங்குச்சு என்று துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரிடமும் அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறாள், கேட்டாள், இப்போதும் நான் வெங்காயம் உரிக்கும்போது கேட்கிறாள்.

வண்டி வந்துவிட்டது, கனவில் வந்ததைவிடப் பெரியது, வெள்ளை வெளேரென்று வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது, காலை வெயில், புளியோதரையும் தயிர்சாதமும் உள்ளே ஏறிவிட்டன, மீன் பிடிக்கும் தூண்டில் ஏறிவிட்டது, நான் நாலு எலுமிச்சம்பழத்தோடு குனிகிறேன், முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, மைனி, பின்னால ஜோடி டயருல்லா, ஆறு டயருக்கு நாலு பழம் வச்சா சாமி கோவிச்சுக்கிடாதா என்று ஜெபசிங் சிரிக்கிறார், உள்டயரெல்லாம் கர்த்தர் பாத்துக்குவாருடா, நீ ஏறு என்று ஸ்டியரிங்குக்குப் பின்னாலிருந்து இவர் கத்துகிறார், இன்ஜின் உறுமுகிறது, இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன், நேற்றும் இருந்தேன், இவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்து வருஷங்கள் ஆயிற்று, நாலாவது பழம் என் கையிலிருந்து நழுவி ஜோடி டயருக்கு உள்பக்கமாக உருண்டுவிடுகிறது. ஓவியா முன்சீட்டில் ஏறி, பெல்ட்டை இழுத்து, மாட்டாமல் கையிலேயே வைத்திருக்கிறாள், பெல்ட்டைப் போடு சாமி என்று ஜன்னலோரம் போகிறேன், அவள் அப்பாவை ஒருமுறை பார்த்துவிட்டு, குனிந்து, என் காதோடு, பெல்ட் போட்டா எட்டாதும்மா என்கிறாள், எது எட்டாது, ஸ்டியரிங், இந்த வண்டி அகலமா இருக்கு, அப்பா அந்த மாதிரி ஆனா நான் புடிச்சுக்கணும்ல. நான் கேட்பதற்கு முன் அவளே சொல்கிறாள், நீச்சல் கிளாஸ் போற வழியில ரெண்டு வாட்டி ஆச்சு, அப்பா உன்கிட்டச் சொல்ல வேணாம்னாரு, நான் சொல்லலம்மா, ஆனா நான் நல்லாப் புடிச்சேன்.

அந்த இடது கை, காப்பி டம்ளர் வரை நீண்டு மடங்கிய அந்தச் சின்னக் கை.

நான் குனிந்தேன், முன் டயருக்கு அடியிலிருந்த பழத்தை எடுத்தேன், சுற்றிப் போய் அடுத்ததை எடுத்தேன், ஹாரன் அடித்தது, என்ன புள்ள பண்ற, நல்ல காரியத்துல என்று இவர் தலையை வெளியே நீட்டினார், நான் பின்னால் போய் மூன்றாவதை எடுத்துக்கொண்டு வந்து அவர் ஜன்னலுக்குக் கீழே நின்றேன், எறங்குங்க என்றேன், ஏன், எறங்குங்க, ஜெபா, இவரு வண்டி ஓட்டக் கூடாது, உக்காந்தபடியே நினைவு தப்பிப் போயிருது, பிப்ரவரியில நாங்க மூணு பேரும் செத்திருக்கணும் என்றேன், தெருவுக்கே கேட்டிருக்கும். ஜெபசிங்கின் சிரிப்பு அப்படியே நின்றது. இவர் முகம் கறுத்தது, பைத்தியமா உனக்கு, அடுத்தவன் முன்னால என்று பல்லைக் கடித்தார், கை கியரின் மேல் போனது, அதை இழுத்தால் வண்டி நகரும், நான் நகரவில்லை. பாப்பா எதுக்கு முன்சீட்டுக் கேட்டா தெரியுமா, அவளையே கேளுங்க என்றேன். அவர் திரும்பினார், மகள் பெல்ட்டை மாட்டாமல் கையில் பிடித்திருந்தாள், இன்னொரு கை ஸ்டியரிங்கை நோக்கிப் பாதி நீண்டு அந்தரத்தில் நின்றது, என்ன கேட்டார், அவள் என்ன சொன்னாள், இன்ஜின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை, அவளுடைய உதடு அசைவது தெரிந்தது, அவருடைய முதுகு தெரிந்தது, வெகு நேரம் முதுகு மட்டும் தெரிந்தது.

இன்ஜின் நின்றது. கதவு திறந்தது. அவர் இறங்கி, சாவியை ஜெபசிங்கின் கையில் திணித்தார், மக்கா, டாக்டர்ட்ட மொதல்ல போவோம், ஆறு எங்கயும் போவாது கேட்டியா என்று ஜெபசிங் சொல்லச் சொல்ல, என்னைப் பார்க்காமல், வண்டியின் பின்புறம் நடந்தார், நான் எட்டாமல் விட்டுவந்த நாலாவது பழத்துக்காக வெயிலில் மண்டியிட்டு, அந்த ஜோடி டயருக்கு அடியில் கையை விட்டு, தோள்வரை விட்டுத் துழாவினார், எழுந்து வந்து என் உள்ளங்கையில் வைத்தார், சூடாக, மண் ஒட்டி, நசுங்காமல், முழுசாக.